மீட்டவர்களின் பேரேடு

செல்லூரில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி விசைத்தறி ஓடுகிறது. அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் விடைத்தாள் திருத்துவேன், பாடத்துக்குக் குறிப்பு எடுப்பேன். போன வருடம் முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்குப் பாரதியின் 'கரும்புத் தோட்டத்திலே' நடத்தினேன். பிஜித் தீவுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன பெண்களைப் பற்றிய பாட்டு. பதினைந்து வருடமாக நடத்துவதால் அதற்குக் குறிப்புகூட எனக்குத் தேவையில்லை. எந்த இடத்தில் நிறுத்தினால் வகுப்பு அமைதியாகும் என்பது தெரியும். அன்றைக்கும் அங்கே நிறுத்தினேன். கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "அம்மா, அவங்க அழுதது மட்டுந்தான் அந்தக் காத்துக்குக் கேட்டுச்சா? வேற ஒண்ணுமே பேசலையா அவங்க?"

வகுப்பு சிரித்தது. நானும் எதையோ சொல்லிச் சமாளித்தேன். பாடவேளை முடிந்த பிறகு வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள். நத்தம் பக்கத்து ஊர்க்காரி. பத்தாவது முடித்ததும் மூன்று வருட ஒப்பந்தத்தில் ஒரு நூற்பாலைக்கு அனுப்பப்பட்டவள். சுமங்கலித் திட்டம் என்று நம் பக்கத்தில் சொல்வார்களே, அதுதான். விடுதி, சாப்பாடு, மாதாமாதம் கொஞ்சம் கைக்காசு, மூன்று வருடம் முடித்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. இரண்டரை வருடம் ஆகியிருந்தபோது ஒரு ராத்திரி அதிகாரிகள் வண்டியோடு வந்து பிள்ளைகளை மீட்டார்கள்.

"மீட்டாங்கன்னு பேப்பர்ல வந்துச்சும்மா. எங்கள வரிசையா நிக்க வச்சு பேரு, வயசு, உயரம், மச்சம் எல்லாம் எழுதுனாங்க. என் பேரத் தப்பா எழுதுனாங்க. அந்த மொத்தப் பணம் என்னாச்சுன்னு நான் கேட்டேன். அத மட்டும் யாரும் எழுதல."

இந்தக் கட்டுரை அவளுக்கு நான் தர வேண்டியிருந்த பதில். ஒரு பாட்டை வாசிப்பது பற்றியது. அந்தப் பாட்டுக்குள் போவதற்கு முன்னால், மீட்பு என்ற செயலை அரசாங்கங்கள் எப்படிச் செய்தன, எப்படி எழுதிவைத்தன என்று பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்குக் கொஞ்சம் தூரம் போக வேண்டும், அட்லாண்டிக் கடல்வரை.

*

1807இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை வணிகத்தைத் தடைசெய்தது. மறு வருடமே மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு இரண்டு போர்க்கப்பல்கள் காவலுக்குப் போயின. பின்னர் அது தனிப் படைப்பிரிவாக வளர்ந்து 1860கள் வரைக்கும் ரோந்து சுற்றியது. சுமார் 1,600 கப்பல்களைப் பிடித்து, சுமார் 1,50,000 ஆப்பிரிக்கரை விடுவித்தது. அடிமை வணிகத்தின் எல்லா நூற்றாண்டுகளையும் சேர்த்தால் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேல். அந்தக் கணக்கில் மீட்கப்பட்டவர்கள் சிறு பங்கு. ஆனாலும் இருட்டான அடித்தளத்தில் சங்கிலியோடு கிடந்த ஒருத்திக்கு மேல்தளக் கதவு திறந்தது சின்ன விஷயம் ஆகாது. அந்தக் காவலில் காய்ச்சல் கண்டு செத்த மாலுமிகளும் பலர். நான் கேட்பது, கதவு திறந்த பிறகு அவள் எங்கே போனாள் என்பதைத்தான்.

முதலில் அவள் எண்ணப்பட்டாள். பிடித்த கப்பலில் எத்தனை தலை இருக்கிறதோ அதற்கேற்ப மாலுமிகளுக்கு அரசு வெகுமதி கொடுத்தது. தலைப்பணம் என்றே அதற்குப் பெயர். தொடக்கத்தில் ஆணுக்கு ஒரு விகிதம், பெண்ணுக்கு அதைவிடக் குறைவு, குழந்தைக்கு எல்லாவற்றிலும் குறைவு. அடிமைச் சந்தையில் இருந்த விலை வரிசை விடுதலையின் கணக்கிலும் அப்படியே நின்றது. இன்னொன்று: ஸ்பெயின் கப்பலைப் பிடிக்க வேண்டுமானால் அதில் அடிமைகள் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். சங்கிலியும் பெரிய சமையல் கொப்பரையும் இருப்பதே போதும், காலிக் கப்பலையும் பிடிக்கலாம் என்ற விதி 1835 ஒப்பந்தத்தில்தான் வந்தது. அதுவரை ஒரு பெண்ணை மீட்க வேண்டுமானால் முதலில் அவள் கப்பலுக்குள் தள்ளப்பட்டாக வேண்டும்.

பிறகு அவள் எழுதப்பட்டாள். சியரா லியோனின் ஃபிரீடவுன் துறைமுகத்தில் இறக்கப்பட்டவர்களை வரிசையில் நிறுத்தி எண், பெயர், பால், வயது, உயரம், உடல் அடையாளம் என்று பேரேட்டில் பதிந்தார்கள். அவள் பேசிய மொழி எழுதுகிறவருக்குத் தெரியாது. காதில் விழுந்ததே பெயர், கண் அளந்ததே வயது. இறங்கியவர்களைத் தங்கவைத்த வளாகத்தின் வாசலில் 1817இல் ஒரு கல் பதித்தார்கள். பிரிட்டிஷ் வீரமும் கருணையும் அடிமைத்தனத்திலிருந்து மீட்ட ஆப்பிரிக்கருக்கான இல்லம் என்பது அதன் செய்தி. மீட்டவர்களின் குணம் கல்லில் ஏறியது. மீட்கப்பட்டவர்கள் என்ன கேட்டார்கள் என்பதற்குப் பேரேட்டில் பத்தி இல்லை.

மூன்றாவதாக அவள் கட்டப்பட்டாள். 1807ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, மீட்கப்பட்டவர்களைப் படையில் சேர்க்கலாம், இல்லையென்றால் பதினான்கு வருடம் வரைக்கும் 'அப்ரண்டிஸ்' ஆக ஒப்படைக்கலாம் என்று இடம் இருந்தது. தொழில் பழகும் ஆள் என்று பெயர். நடைமுறையில் காசு கொடுத்தவன் வீட்டுக்கு வேலைக்குப் போவது. 1808இல் சியரா லியோனுக்கு ஆளுநராக வந்த தாமஸ் பெரோனெட் தாம்ப்சன் இதுவும் அடிமைத்தனம்தான் என்று எதிர்த்தார். சீக்கிரமே திரும்ப அழைக்கப்பட்டார். பெண்களுக்கு இன்னொரு வழியும் வைத்திருந்தார்கள். ஏற்கெனவே குடியேறிய ஆண்கள் வந்து பார்த்து, தேர்ந்தெடுத்து, கல்யாணம் செய்து கூட்டிப்போவது. அரசுக்குச் சோற்றுச் செலவு மிச்சம்.

இந்த ரோந்துக் கப்பல்களில் பெயர்பெற்றது 'பிளாக் ஜோக்'. அது முன்பு 'ஹென்ரிக்கெட்டா' என்ற பெயரில் அடிமைகளை ஏற்றிய கப்பல். 1827இல் பிடிபட்டது. வேகமான கப்பல் என்பதால் கடற்படை அதையே வாங்கிப் பெயரை மாற்றி, மற்ற அடிமைக் கப்பல்களைத் துரத்த விட்டது. பலகை அதே பலகை, கொடி வேறு. அதற்குப் பின்னால் வந்த நம் கதையைப் படிக்கும்போதெல்லாம் இந்தக் கப்பல் எனக்கு நினைவுக்கு வருகிறது.

கடற்படை பெயர் வைத்தது கப்பலுக்கு மட்டும் இல்லை. 1850இல் கேப்டன் ஃபிரெடரிக் ஃபோர்ப்ஸ், அடிமை வணிகத்தை நிறுத்தச் சொல்லி தஹோமி அரசரிடம் தூது போனார். போரில் பெற்றோரை இழந்து அங்கே சிறைப்பட்டிருந்த ஒரு யொரூபாச் சிறுமியை விக்டோரியா அரசிக்குப் பரிசாக வாங்கிவந்தார். தன் குடும்பப் பெயரையும் தன் கப்பலின் பெயரையும் சேர்த்து அவளுக்கு வைத்தார். சாரா ஃபோர்ப்ஸ் பொனெட்டா. அரசியின் ஞானமகளாக வளர்ந்தாள், நன்றாகப் படித்தாள், பட்டுடுத்திப் புகைப்படத்தில் நிற்கிறாள். அவளைக் காப்பாற்றியது உண்மை. பரிசாகக் கைமாறினாள் என்பதும் உண்மை. காலம் முழுக்க அவள் ஒரு கப்பலின் பெயரைச் சுமந்தாள் என்பதும் உண்மை.

*

இதெல்லாம் ஆப்பிரிக்கரின் கதை, நமக்கு என்ன என்று மாணவிகள் கேட்பார்கள். அடிமைக் கப்பல் நம் கரைக்கும் வந்திருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் வந்தபோதெல்லாம் டச்சுக்காரர்கள் நாகப்பட்டினம், பழவேற்காடு கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கானோரை வாங்கி இலங்கைக்கும் பட்டாவியாவுக்கும் ஏற்றினார்கள். பட்டாவியா என்பது இன்றைய ஜகார்த்தா. மீட்புக் கப்பலும் இந்தியாவுக்கு வந்திருக்கிறது. இந்தியப் பெருங்கடலில் பிரிட்டிஷ் கப்பல்கள் மீட்ட ஆப்பிரிக்கக் குழந்தைகளில் பலர் பம்பாயில் இறக்கப்பட்டார்கள். நாசிக் அருகே சரண்பூரில் மிஷனரிகள் அவர்களை வளர்த்தார்கள். டேவிட் லிவிங்ஸ்டனின் உடலைக் கடற்கரைக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான ஜேக்கப் வெயின்ரைட் அங்கே படித்தவர்தான். அவர் பெயர் வரலாற்றுப் புத்தகங்களில் நிற்கிறது. அதே வளாகத்தில் தையலும் சமையலும் பழகி, அங்கே படித்த பையன்களுக்கே கல்யாணம் செய்துவைக்கப்பட்ட பெண்பிள்ளைகளை அந்தப் புத்தகங்களில் தேட வேண்டியிருக்கிறது.

ஆனால் நம்மோடு நேராக இணைகிற கண்ணி 1833இல் இருக்கிறது. அந்த வருடச் சட்டம் பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அடிமைமுறையையே ஒழித்தது. உடைமையாளர்களுக்கு இரண்டு கோடி பவுண்டு இழப்பீடு. அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை. ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள் உடனே விடுதலையும் ஆகவில்லை. பழைய எஜமானனிடமே சில வருடம் 'அப்ரண்டிஸ்' ஆக வேலை செய்ய வேண்டும். மறுபடியும் அதே சொல். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று அதிலேயே எழுதினார்கள். ஆகவே தஞ்சாவூர் வயலில் நின்ற பண்ணையாளுக்கு 1834 ஆகஸ்ட் முதல் தேதி எல்லா நாளையும் போல ஒரு நாள். கம்பெனி அரசு 1843இல் ஐந்தாம் சட்டம் என ஒன்றைப் போட்டது. ஒருவர் அடிமை என்ற உரிமைக் கோரிக்கையை இனி நீதிமன்றங்கள் ஏற்காது என்றது, அவ்வளவுதான். யாரும் வயலுக்குப் போய்ப் பெயர் கேட்டு எழுதவில்லை. கடலில் பிடித்த அடிமைக்குப் பேரேடாவது இருந்தது. சேற்றில் நின்றவளுக்கு அதுவும் இல்லை.

அவளுக்குப் பேரேடு வேறு வழியில் வந்தது. விடுதலையான ஆப்பிரிக்கர்கள் கரும்புத் தோட்டத்தை விட்டு நகர்ந்ததும் முதலாளிகளுக்கு ஆள் தேவைப்பட்டது. மீட்கப்பட்ட ஆப்பிரிக்கர் பல்லாயிரம் பேரை சியரா லியோனிலிருந்தும் செயின்ட் ஹெலினா தீவிலிருந்தும் மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாக அனுப்பினார்கள். போதவில்லை. 1834 முதல் மொரீஷியஸுக்கு இந்தியர்கள் போனார்கள். பிறகு கயானா, டிரினிடாட், நட்டால், பிஜி. சென்னையிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போன கூலிக் கப்பல்கள் வழியில் தண்ணீர் பிடிக்கச் செயின்ட் ஹெலினாவில் நிற்பது வழக்கம். அந்தத் தீவின் ரூபர்ட்ஸ் பள்ளத்தாக்கில்தான் கடற்படை மீட்டுக் கொண்டுவந்து இறக்கிய பிறகு இறந்துபோன ஆப்பிரிக்கர் சுமார் 8,000 பேர் புதைக்கப்பட்டார்கள். 2008 வாக்கில் அங்கே அகழ்ந்தபோது கிடைத்த எலும்புகளில் குழந்தைகளுடையவை ஏராளம். அந்தக் கரையோரம் தண்ணீர்ப் பீப்பாய் நிரம்பும்வரை நின்ற கப்பலின் தளத்திலிருந்து நம் ஊர்ப் பெண் ஒருத்தி அந்த மேட்டைப் பார்த்திருக்கக்கூடும். அது யாருடைய இடுகாடு என்று அவளுக்குச் சொல்ல ஆளில்லை.

1860 நவம்பர் 16 அன்று 'டுரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அப்படி வந்தவர்களுக்கு நட்டாலில் வைத்த பதிவேட்டில் என்ன பத்திகள்? எண், பெயர், தகப்பன் பெயர், வயது, பால், சாதி, ஊர், உடல் அடையாளம். ஃபிரீடவுன் பேரேட்டை அறிந்தவருக்கு இது புதிதாக இருக்காது. நம் பங்குக்குச் சாதியும் தகப்பன் பெயரும் சேர்ந்துகொண்டன.

பெண்ணின் விலையும் கூடவே வந்தது. நூறு ஆணுக்கு நாற்பது பெண் ஏற்ற வேண்டும் என்று கப்பல்களுக்கு விதி. பெண்ணைத் தேடிப் போகச் செய்த விதி அது. ஆண்களுக்குத் துணை, தோட்டத்துக்கு அமைதி என்பதுதான் அதற்குச் சொன்ன காரணம். பிஜியில் ஒரு நாள் வேலைக்கு ஆணுக்கு ஒரு ஷில்லிங், அதாவது பன்னிரண்டு பென்ஸ். பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். அந்த முக்கால் கூலியும் காய்ச்சலிலோ கர்ப்பத்திலோ கொடுத்த வேலை முடியாமல் போனால் குறையும்.

*

இப்போது பாட்டுக்கு வரலாம்.

பாரதியைக் குறை சொல்ல வந்துவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பாட்டை நான் விரும்புகிறேன். கடல் தாண்டிப் போன கூலிப் பெண்ணைத் தமிழ்க் கவிதைக்குள் கொண்டுவர அப்போது வேறு யாருக்கும் தோன்றாதபோது அவருக்குத் தோன்றியது. முதலில் அவர் பார்ப்பது உழைப்பை. கைகால் ஓய்ந்துபோகும் உடம்பை, செக்கில் பூட்டிய மாட்டை. அதன் பிறகு பாட்டு வேறு பக்கம் திரும்புகிறது. பெண் என்றால் பேயும் இரங்குமே என்ற வழக்கை நினைக்கிறது, விம்மலைக் கேட்டாயா என்று காற்றை விசாரிக்கிறது, கற்பு அழிவதற்குக் கொதிக்கிறது, கடைசியில் காளியைக் கூப்பிடுகிறது.

என் மாணவி கேட்டதை வைத்துக்கொண்டு பாட்டின் வினைச்சொற்களை மட்டும் தனியே எழுதிப் பார்த்தேன். அந்தப் பெண்கள் வருந்துகிறார்கள், புழுங்குகிறார்கள், விம்முகிறார்கள், குமுறுகிறார்கள், சாகிறார்கள். எல்லாம் அவர்களுக்கு நேர்வது. யாரையும் எதிர்த்து ஒரு வினை இல்லை. எல்லோரும் 'அவர்', ஒருத்திக்கும் பெயர் இல்லை. உழைப்பு இருக்கிறது, கூலி இல்லை. அந்த ஒன்பது பென்ஸ் பாட்டுக்குள் வரவில்லை. ஒப்பந்தத்தில் பறிபோனவற்றில் கற்பு மட்டும் பெரியதாகி, சம்பளமும் தூக்கமும் திரும்பிப் போகும் உரிமையும் பின்னால் போய்விட்டன.

அதே காலத்தில் பிஜியில் ஒரு பெண் என்ன செய்தாள் என்று பாருங்கள். குந்தி. கோரக்பூர் பக்கத்திலிருந்து போனவள், இருபது வயது, ஒடுக்கப்பட்ட சாதி. 1912 ஏப்ரல் 10 அன்று அவளைத் தனியாக ஒரு வாழைத் தோட்டத்தில் களையெடுக்க விட்டார்கள். வெள்ளை மேற்பார்வையாளன் அங்கே வந்து அவள்மேல் கைவைக்கப் பார்த்தான். அவனிடமிருந்து திமிறிக்கொண்டு ஓடி ஆற்றில் குதித்தாள். சிறு படகில் இருந்த ஒரு சிறுவன் அவளைத் தூக்கினான். இதோடு முடிந்திருந்தால் அவளும் பெயரில்லாமல் போயிருப்பாள். அவள் நடந்ததைச் சொன்னாள். அது கல்கத்தாவின் 'பாரத மித்திரன்' இதழில் 1913இல் அவள் பெயரோடு வந்தது. விசாரணை வந்தது. அதிகாரிகள் அவளை நம்ப மறுத்தார்கள். ஆனால் அவள் வார்த்தை நாடு முழுவதும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒப்பந்தமுறைக்கு எதிரான கிளர்ச்சியை மூட்டிய குரல்களில் அது ஒன்று. 1917இல் கூலிகளைக் கப்பலேற்றுவது நின்றது. பிஜியில் மீதமிருந்த ஒப்பந்தங்கள் 1920 ஜனவரி முதல் தேதி ரத்தாயின.

அந்தக் கிளர்ச்சி குந்தியை எப்படி எடுத்துக்கொண்டது? கற்பைக் காத்த உத்தமியாக. மேடைகளில் இந்தியப் பெண்மையின் மானம் என்றே பேச்சு போயிற்று. மானம் என்று பேசியதால் கூட்டம் எழுந்தது, ஒப்பந்தமுறை விழுந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆற்றில் குதிக்க முடியாமல் போனவளுக்கு அந்த மேடையில் என்ன இடம்? மேற்பார்வையாளனைச் சகித்துக்கொண்டு மறுநாளும் களை வெட்டியவளுக்கு? அவளுக்கும் ஒன்பது பென்ஸ் பாக்கி இருந்ததே.

தமிழ்ப் பெண்கள் அழுதுகொண்டு மட்டும் இருக்கவில்லை என்பதற்கு நம்மிடமே சான்று உண்டு. 1913 அக்டோபரில் நட்டாலில் நியூகாசில் சுரங்கங்களுக்குப் போய், ஒப்பந்தக் கூலிகளையும் முன்னாள் கூலிகள்மேல் போட்ட மூன்று பவுண்டு தலைவரியையும் பேசி, தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு எழுப்பியவர்கள் டிரான்ஸ்வாலிலிருந்து வந்த பெண்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், சிலர் கைக்குழந்தையோடு. சிறைக்குப் போனார்கள். நாம் நினைவில் வைத்திருப்பது அதே போராட்டத்தில் சிறைசென்று 1914இல் பதினாறு வயதில் இறந்துபோன தில்லையாடி வள்ளியம்மையை மட்டும். செத்தவளைக் கும்பிடுவது சுலபம். கோலியர் வாசலில் நின்று வரியைப் பற்றி வாதாடியவளை நினைவில் வைப்பதற்கு அவள் என்ன பேசினாள் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

புனைகதைக்கு வந்தால் 1935இல் புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி' எழுதினார். திருநெல்வேலிக் கிராமத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் அந்தப் பெண்ணுக்குப் பெயர் இருக்கிறது, மருதி. சாதி இருக்கிறது, கடன் இருக்கிறது, துரையின் கை இருக்கிறது. உள்ளூர்ப் பண்ணையிலிருந்து தப்பிப் போகும் வழியே தோட்டத்துக்குப் போகும் வழியாக இருப்பதை அவர் மழுப்பாமல் காட்டினார். அவளை உத்தமியாக்கித் தூக்கிப் பிடிக்கவும் இல்லை. அந்த அளவில் அது பாட்டைத் தாண்டிப் போகிறது.

மருதி போன இலங்கையில் ஒப்பந்தப் பத்திரம் கிடையாது, கங்காணி உண்டு. கங்காணியிடம் பட்ட கடனை ஒரு காகிதத்தில் எழுதி, இந்தத் தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிப்போம் என்று தோட்டம் கையெழுத்திடும். அதற்குப் பேர் துண்டு. அந்தத் துண்டை வைத்துக்கொண்டு ஆட்கள் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கடனோடு கைமாறினார்கள். 1921இல்தான் அது சட்டப்படி ஒழிந்தது. விடுவிக்கிறோம் என்று எழுதிய காகிதமே விற்பனைச் சீட்டாக இருந்தது.

*

இவ்வளவையும் படித்துவிட்டு என் பழைய கவிதைத் தொகுப்பை எடுத்தேன். அதில் நூற்பாலைப் பெண்களைப் பற்றி ஒரு கவிதை இருக்கிறது. கூட்டங்களில் கைதட்டு வாங்கிய கவிதை. நுரையீரலில் படியும் பஞ்சு, தூங்காத கண், ஜன்னல் கம்பி எல்லாம் வருகிறது. வினைச்சொற்களைத் தனியே எழுதிப் பார்த்தேன். இருமுகிறார்கள், ஏங்குகிறார்கள், அழுகிறார்கள். கவிதை முழுக்க ஒருத்திகூடச் சம்பளத்தைப் பற்றிக் கேட்கவில்லை. எழுதுவதற்கு முன் ஒரு ஆலைப் பெண்ணிடமும் நான் பேசவில்லை. பாரதிக்கும் பிஜிக்கும் நடுவில் ஒரு சமுத்திரம் இருந்தது. எனக்கும் அந்த ஆலைக்கும் நடுவில் ஒரு மணி நேரப் பஸ் பயணம்.

அந்தக் கவிதையை அவளிடம் காட்டினேன். படித்துவிட்டு, "நல்லாருக்கும்மா" என்றாள். கொஞ்சம் கழித்து, "நாங்க சிரிப்போம்மா. சூப்பர்வைசருக்குப் பட்டப்பேரு வச்சிருந்தோம். ஒரு தடவ சோறு சரியில்லன்னு நாப்பது பேரு தட்ட எடுக்காம உக்காந்துட்டோம். மறுநாள் கொழம்பு மாறிருச்சு" என்றாள்.

ஆலையில் கொடுத்த அடையாள அட்டையை இன்னும் வைத்திருக்கிறாள். கொண்டுவந்து காட்டினாள். புகைப்படத்தில் குழந்தை முகம். கீழே பதவி என்ற இடத்தில் 'அப்ரண்டிஸ்' என்று அச்சடித்திருந்தது. அதை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ தெரியாது. 1807இன் சட்டத்தில் இருந்த சொல், 1833இன் சட்டத்தில் இருந்த சொல், நத்தம் பக்கத்துப் பெண்பிள்ளையின் கழுத்தில் தொங்கியிருக்கிறது. பழகுகிறவள் என்பதால் முழுக்கூலி இல்லை. பழகி முடித்ததும் ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்குப் போய்விடுவாள், ஆகவே எப்போதுமே முழுக்கூலி இல்லை. இதற்குச் சுமங்கலி என்று மங்கலமாக ஒரு பெயர் வேறு. அவளுடைய உழைப்புக்குத் தருவது சம்பளம் ஆகாது, அவளை இன்னொரு வீட்டுக்கு அனுப்பும் செலவு என்று அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. ஃபிரீடவுன் வளாகத்துக்கு மாப்பிள்ளைகள் வந்து நின்றது நினைவுக்கு வந்தது.

அந்த ராத்திரி மீட்பே தப்பா என்று அவளிடம் கேட்டேன். யோசித்துத்தான் சொன்னாள். "தப்புன்னு சொல்லலம்மா. ஒருத்திக்கு ரொம்ப முடியாம இருந்துச்சு, அவ பொழச்சா. ஆனா என்ட்ட ஒரு வார்த்த கேட்ருக்கலாம். ஆறு மாசத்துல பணம் வந்துருக்கும்னு நான் நெனச்சுட்டிருந்தேன். அது வராதுன்னாலும் அத வாங்கிக் குடுக்குற வேலயும் அவங்களுதுதான?"

1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தபிறகு விடுவிக்கப்படுகிறவர்களுக்குச் சான்றிதழ் தருகிறார்கள். அந்தச் சான்றிதழ் தேவை. அது இல்லாமல் நிவாரணம் இல்லை. கதவைத் திறப்பவர்களும் தேவை. நான் அட்லாண்டிக் கதையிலிருந்து எடுத்துக்கொள்வது, மீட்பவர்கள் வேண்டாம் என்பதை இல்லை. மீட்பவருடைய பேரேட்டில் ஒரு பத்தி குறைகிறது என்பதைத்தான். பெயர், வயது, உயரம், மச்சம் என்ற வரிசையில் 'அவள் கேட்பது என்ன' என்று ஒரு பத்தி. அந்தப் பத்தி இல்லாத பேரேடு எத்தனை கருணையோடு எழுதப்பட்டாலும் அடுத்த எஜமானுக்கான சரக்குப் பட்டியலாக மாறிவிட முடியும் என்பதற்கு நூற்றைம்பது வருடச் சான்று இருக்கிறது. இலக்கியத்துக்கும் இதே கேள்விதான். இரக்கத்தோடு எழுதப்பட்ட கவிதை, கதை, சினிமா எதையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் பெண்ணுடைய வினைச்சொற்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அவள் எதையாவது கேட்கிறாளா? மறுக்கிறாளா? கணக்குப் பார்க்கிறாளா? இல்லையென்றால் நாம் வாசித்துக்கொண்டிருப்பது மீட்டவருடைய மனசை.

இந்த வருடமும் 'கரும்புத் தோட்டத்திலே' நடத்தினேன். வழக்கமாக நிறுத்தும் இடத்தில் நிறுத்தவில்லை. பாட்டு முடிந்ததும் கரும்பலகையில் இரண்டு வரி எழுதினேன்: ஆணுக்கு 12 பென்ஸ், பெண்ணுக்கு 9 பென்ஸ். மூன்று பென்ஸ் எங்கே போனது என்று கேட்டேன். பீடி சுற்றும் அம்மாவின் கூலியிலிருந்து, கட்டட வேலைக்குப் போகும் அக்காவின் கூலியிலிருந்து, ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே வேலைபார்க்கும் தன்னுடைய விடுமுறைக் கூலியிலிருந்து என்று ஒவ்வொருத்தியும் கணக்குச் சொல்ல ஆரம்பித்தாள். பாடவேளை போதவில்லை.

அவளிடம் இந்தக் கட்டுரையைப் படிக்கக் கொடுத்து, உன் பெயரைப் போடட்டுமா, இந்தத் தடவை சரியாக எழுதுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். "என் பணம் இன்னும் வரல. வந்தப்பறம் நானே எழுதிக்கிறேன்மா" என்றாள். ஆகவே இதில் அவள் பெயர் இல்லை. இந்தத் தடவை அதைக் கேட்டு, கேட்டபடி எழுதியிருக்கிறேன்.